இரண்டாவது அப்டேட்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு ஒரு மொபைல் ரிப்பேர் கடை இருக்கிறது. பதினோரு வருஷமாக ஊராரின் போன்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன், கூடவே வாய் கிழிய உபதேசமும் செய்கிறேன். போட்டோவையெல்லாம் இன்னொரு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள், அப்டேட் வந்தால் தள்ளிப் போடாதீர்கள், மெமரி நிறைந்துவிட்டது என்று கண்டதையும் அழிக்காதீர்கள். ஊருக்கெல்லாம் இப்படிச் சொன்ன நான்தான் என் அண்ணனின் குரலைத் தொலைத்தேன்.

அண்ணன் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற வண்டி. அமாவாசை என்றால் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடம் இருக்காது. ஸ்பெஷல் பஸ்கள் வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கும். அந்த இரைச்சலில் "மலையனூர் மலையனூர் மலையனூர்" என்று அவன் கூப்பிடுவது ரோட்டைத் தாண்டி என் கடைக்குள் கேட்கும். பேசிக்கொண்டிருக்கிற கஸ்டமர் பேச்சை நிறுத்திவிடுவார். "உங்கண்ணனுக்குத் தொண்டையா, ஹாரனாப்பா அது?" என்பார். எனக்குப் பெருமையாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

நாற்பத்தொரு வயதில் அந்தத் தொண்டை குழற ஆரம்பித்தது. காலையிலேயே குடித்துவிட்டு வண்டி ஏறுகிறான் என்று ஒரு பயணி ஓனரிடம் போட்டுக்கொடுத்தார். அவன் பீடிகூடத் தொடாதவன். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு மாதக்கணக்கில் அலைந்த பிறகு, இது நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய், மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பேச்சு முதல்ல போயிடும். அதுக்குள்ள அவர் குரல்லயே தினமும் தேவைப்படற வார்த்தைங்களப் பதிவு பண்ணி வெச்சிக்குங்க. பட்டன் அமுக்கினா அந்தக் குரல்ல பேசற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணுங்க" என்றார். டாக்டர்கள் கைவிட்ட இடத்தில் எனக்கென்று ஒரு வேலை கிடைத்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கொஞ்சம் மிதப்பாகத்தான் உட்கார்ந்திருந்தேன், சொன்னால் வெட்கம்.

கோட்டைக்குப் போகிற ரோட்டில், பாறையை ஒட்டின தெருவில் அண்ணன் வீடு. ஃபேனை நிறுத்திவிட்டு, மேலே தகரத்தில் குரங்குகள் ஓடாத நேரமாகப் பார்த்து, இரண்டு வாரம் என் போனில் பதிவு செய்தோம். அறுபது எழுபது வாக்கியங்கள் இருக்கும். என்னைத் திருப்பிப் படுக்க வை என்று பேசச் சொன்னால், அவன் "ரைட், போலாம்" என்றான். அண்ணிக்கு, "போதும், நீ போயி சாப்புடு மொதல்ல." ஏழு வயது மகளுக்கு மட்டும் பன்னிரண்டு. அதில் முதலாவது, "பாப்பா, வந்துட்டியா? இஸ்கூல்ல இன்னா சோறு போட்டாங்க?" கடைசி ஒன்றைப் பேசும்போது என்னையும் அண்ணியையும் வெளியே போகச் சொல்லிவிட்டான். அது பாப்பா பெரியவளான பிறகு கேட்கவேண்டியது. ஏழெட்டு நிமிஷம் உள்ளே பேசிக்கொண்டிருந்தான். நாங்கள் வாசலில் நின்று குரங்கு விரட்டிக்கொண்டிருந்தோம். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்கள் இருவருக்கும் தெரியாது.

குரல் கிடைத்தது, பட்டனை எப்படி அமுக்குவது? அதற்குள் கைகள் தோளிலிருந்து துவண்டு தொங்கிவிட்டன. டேப்லெட் என்றால் விரலைத் தூக்கித் தொடவேண்டும். தூக்க வராது. ஆனால் கட்டைவிரல்கள் இரண்டும் கல் மாதிரி இருந்தன, பதினெட்டு வருஷம் டிக்கெட் கிழித்த விரல்கள். அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் வேலை பார்க்கிற அண்ணியின் தம்பி, தான் விளையாடி அலுத்துப்போன ஒரு கருவியைக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு கையாலும் பிடித்து கேம் ஆடுவது. நடுவில் திரை, இரு பக்கமும் கட்டைவிரலுக்கு ஒரு குமிழும் பட்டன்களும். பார்ப்பதற்கு விளையாட்டுச் சாமான், உள்ளே முழு கம்ப்யூட்டர். தலையணைமேல் அதை வைத்து அண்ணனின் கைகளை இரு பக்கமும் பொருத்தினோம். அவன் குமிழைத் தள்ளினான், திரையில் அம்புக்குறி ஓடியது. அண்ணி சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இனி சாஃப்ட்வேர் போடவேண்டும். தமிழ் எழுத்து, தமிழில் அடிக்க ஒரு கீபோர்டு, ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பதிவை ஒட்டிவைக்க ஒன்று. இவ்வளவுதான். கடையில் உட்கார்ந்து கட்டளை அடித்தேன். முடியாது என்றது. பாஸ்வேர்டு வைத்து, எல்லா அதிகாரத்தோடும் அடித்தேன். அப்போதும் இது படிக்க மட்டும், எழுத முடியாது என்றது. கையில் இருப்பது நம் சாமான், நமக்கே அனுமதி இல்லை என்றால் யாருக்குத்தான் கடுப்பாகாது. தேடிப் படித்துப் பார்த்தேன். இந்தக் கருவியின் சிஸ்டம் மாற்றக்கூடாத வகையாம். கம்பெனி கொடுத்தது கொடுத்தபடியே இருக்கும். நம் சாமான்களுக்கு ஹோம் என்று தனி இடம் உண்டு, அங்கே என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

சிஸ்டத்தின் பூட்டைத் திறக்கவும் ஒரே ஒரு வரிக் கட்டளை இருந்தது. அதற்குக் கீழேயே ஒரு எச்சரிக்கையும் இருந்தது, திறந்து உள்ளே வைப்பது எதுவும் அப்டேட்டுக்கு அப்புறம் நிற்காது என்று. அதைப் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். எங்கள் தொழிலில் எச்சரிக்கை என்பது ஓகே அமுக்கித் தாண்டிப் போகிற விஷயம்.

பேசாமல் ஹோமில் போட்டிருக்கலாம். போடவிடாமல் தடுத்தது என் கடைப் பழக்கம். ரிப்பேருக்கு வருகிற போன்களில் பாதி, மெமரி ஃபுல் என்று காட்டியதும் கண்ணில் பட்டதையெல்லாம் அழித்துவிட்டு வருகிறவை. தமிழ் எழுத்தே காணோம் என்று வருவார்கள். சொல்லிப் பயனில்லை என்று தெரிந்த பிறகு, முக்கியமானவற்றை அவர்கள் கைக்கு எட்டாமல் சிஸ்டத்துக்கு உள்ளேயே வைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். ரீசெட் அடித்தாலும் போகாது. செஞ்சியில் இந்த வேலை தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று ஒரு திமிர். அண்ணன் தூங்குகிற நேரத்தில் அந்தக் கருவியில் பாப்பா கேம் ஆடுவாள். ஹோமில் வைத்தால் விளையாட்டுப்போக்கில் அழித்துவிடுவாள் என்று பயந்தேன். பூட்டைத் திறந்தேன். சாஃப்ட்வேரோடு குரல் பதிவுகளையும் சிஸ்டத்துக்குள் ஆழமாக ஒரு ஃபோல்டரில் வைத்தேன். மறுபடி பூட்டினேன். பாப்பாவிடமிருந்து பத்திரமாகத்தான் இருந்தன.

என் போனில் இருந்த பதிவுகளையா கேட்கிறீர்கள்? கடைக்காரன் போனில் எப்போதும் இடம் இருக்காது. கஸ்டமர் ஒருத்தரின் கல்யாண வீடியோவை இறக்க இடம் தேவைப்பட்டது. அண்ணனின் குரல்தான் இரும்புப் பெட்டியில் இருக்கிறதே என்று இங்கே இருந்ததை அழித்தேன். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அதற்கப்புறம் வந்த இரண்டு மாதம் நன்றாக இருந்தது, அதையும் சொல்லவேண்டும். ஆடி மாதம் பிறக்கும்போது அண்ணனுக்குப் பேச்சு முழுசாக நின்றுவிட்டது. தொண்டையிலிருந்து ஒரு முனகல் மட்டும்தான் வரும். ஆனால் நாலரை மணிக்குப் பாப்பா பையை வீசிவிட்டு உள்ளே வரும்போது, "பாப்பா, வந்துட்டியா? இஸ்கூல்ல இன்னா சோறு போட்டாங்க?" என்று அவன் குரல் கேட்கும். "முட்ட நைனா" என்று அவள் பதில் சொல்வாள். தினமும் அதே கேள்விதான், அவளுக்கு அலுக்கவே இல்லை. நானும் அண்ணியும் அவனைத் திருப்பிப் போட வந்தால் "ரைட், போலாம்" என்பான். அண்ணி சிரிப்பாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த இரண்டு மாதம்தான்.

அண்ணிக்கு ஒரு பாடமும் சொல்லிக்கொடுத்திருந்தேன். "அப்டேட்னு கேட்டுச்சின்னா அமுக்கிடுங்க அண்ணி. போட்டாதான் நல்லா ஓடும்." கஸ்டமர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த வீட்டில் நெட் கிடையாது, அண்ணி எப்போதாவது தன் போனிலிருந்து கொடுப்பாள். அதனால்தான் இரண்டு மாதம் தப்பித்தது.

ஆவணி அமாவாசை அன்று, மலையனூர் கூட்டத்தை நேரலையில் பார்க்கவேண்டும் என்று அண்ணன் எழுத்துக் கூட்டிக் கேட்டிருக்கிறான். அண்ணி நெட் கொடுத்தாள். அப்டேட் கேட்டது. சொன்ன சொல் தவறாதவள், அமுக்கினாள். காலையில் பத்தரை மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"தம்பி, அது ஆஃப் ஆகி ஆன் ஆச்சி. இப்ப எந்தப் பட்டன அமுக்கினாலும் ஒண்ணியும் பேசல. எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா தெரியுது."

அமாவாசை அன்று என் கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. வெளியூர் ஜனம் சார்ஜர் கேட்டும், உடைந்த கண்ணாடியை மாற்றச் சொல்லியும் நெருக்கிக்கொண்டு நின்றது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒருத்தரின் செட்டைக் கழற்றியபடியே பேசினேன்.

"அது பாதில நின்னிருக்கும் அண்ணி. செட்டிங்ஸ்ல போயி பாருங்க. இன்னொரு அப்டேட் காட்டுச்சின்னா அதையும் போட்டுடுங்க. சரியாயிடும்."

"நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

"கூட்டம் இருக்குது அண்ணி. சாய்ங்காலம் வரேன். நீங்க அதப் போடுங்க."

இன்னொரு அப்டேட் காட்டியது, சின்னதாக. அண்ணி அதையும் அமுக்கினாள். கூட்டத்தால் அன்று டவர் திணறிக்கொண்டிருந்ததால் அது இறங்கி முடிய நாலு மணி நேரம் ஆனது. என் கடையிலிருந்து அந்த வீட்டுக்கு வண்டியில் பத்து நிமிஷம்.

சாயங்காலம் போனேன். பாப்பா சீருடையை மாற்றாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அதே பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தான். நான் வாங்கிப் பார்த்தேன். பதிவுகள் மட்டுமல்ல, அவற்றை வைத்த ஃபோல்டரே இல்லை. சிஸ்டம் இன்றுதான் கடையிலிருந்து வாங்கி வந்தது மாதிரி சுத்தமாக இருந்தது. கருவியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து, அன்றைக்கு ஓகே அமுக்கித் தாண்டிப் போன பக்கத்தை முதலிலிருந்து வரி வரியாகப் படித்தேன்.

அந்தக் கருவிக்குள் சிஸ்டத்துக்கு இரண்டு அறைகள் இருக்கின்றன. ஓர் அறையில் குடியிருக்கும். அப்டேட் வந்தால் இன்னோர் அறையில் புதிய சிஸ்டத்தை இறக்கிவிட்டு அங்கே குடிபோகும். பழைய அறையைத் தொடாது. புதியது சரியில்லை என்றால் திரும்பி வருவதற்காக அதை அப்படியே வைத்திருக்கும். ஆன் செய்யும்போது ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டால் பழைய அறைக்குப் போய்விடலாம். முதல் அப்டேட் முடிந்து அண்ணி எனக்குப் போன் செய்தபோது, அண்ணனின் குரல் ஒரு வார்த்தை குறையாமல் அந்தப் பழைய அறையில் இருந்தது. இரண்டாவது அப்டேட் துடைத்துவிட்டு இறங்கியது அந்த அறையில்தான். நான் போடச் சொன்ன அப்டேட்.

எனக்குத் தெரிந்த மீட்புச் சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் கருவியிலும் என் போனிலும் ஓட்டிப் பார்த்தேன், சென்னையில் ஒருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். மேலேயே புதுசு எழுதிவிட்டது, ஒன்றும் கிடைக்காது என்றார். திரும்பி வந்து அண்ணியிடம், "அப்டேட்ல பூடுச்சி அண்ணி" என்றேன். பொய் இல்லை. ஆனால் எந்த அப்டேட் என்று சொல்லவில்லை. அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தான அமுக்கனேன்" என்றாள்.

அப்போது வாயைத் திறந்திருக்கவேண்டும். எனக்குத் தொண்டை நன்றாகத்தான் இருந்தது. திறக்கவில்லை. கட்டிலில் இருந்த அண்ணன் அவளைப் பார்த்தான், பிறகு சுவர்ப் பக்கம் கண்ணைத் திருப்பிக்கொண்டான். தலையை அசைக்க வராது அவனுக்கு, கண்ணால்தான் எல்லாம்.

மறுபடி பதிவு செய்ய அவனிடம் குரல் இல்லை. ஊரெல்லாம் தேடினேன். அண்ணனின் கல்யாண வீடியோவில் அவன் வாய் அசைகிறது, மேலே மேளம் அடிக்கிறது. டிரைவர் ஒருத்தர் போனில் பழைய வாய்ஸ் மெசேஜ் ஒன்று கிடைத்தது, ஹாரன் சத்தத்துக்கு நடுவே, "வண்டிய எடுக்காத, தோ வந்துட்டேன்." அவ்வளவுதான் மிச்சம். அதை ஒரு பட்டனில் ஒட்டி வைத்தேன். அண்ணன் அதை ஒரு தடவைகூட அமுக்கவில்லை. பாப்பாதான் அமுக்கி அமுக்கிக் கேட்பாள்.

சாஃப்ட்வேரை இந்தத் தடவை அது சொன்ன மாதிரியே ஹோமில் போட்டேன். ஒரு மதியத்தில் வேலை முடிந்தது. இவ்வளவு சுலபம் என்று தெரிந்தபோது கருவியைப் பாறையில் போட்டு உடைக்கலாம் போல இருந்தது. எழுதினால் படிக்கிற ஒரு தமிழ்க் குரலையும் சேர்த்தேன், ஒரு பெண்ணின் குரல். அண்ணன் ரொம்ப நேரம் கட்டைவிரலால் எழுத்துத் தேடி, பாப்பா வரும் நேரத்துக்குத் தயாராக வைத்திருந்தான். அவள் உள்ளே வந்ததும் கருவி பேசியது. "பாப்பா, வந்துவிட்டாயா? பள்ளியில் என்ன சாப்பாடு?" அவன் பேசுகிற மாதிரி எழுதினால் அந்தக் குரல் வார்த்தையைக் கடித்துத் துப்புகிறது. அதனால் பாடப்புத்தகம் மாதிரி எழுதியிருந்தான்.

பாப்பா அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "சித்தப்பா, அந்த அக்காவப் பேச வேணான்னு சொல்லு" என்றாள்.

அன்றிலிருந்து அண்ணன் அவளிடம் அதில் எதுவும் கேட்கவில்லை. தண்ணி, வலி, திருப்பு என்று எங்களுக்கு மட்டும் எழுதுவான். ஐப்பசியில் இடது கட்டைவிரல் நின்றது. பொங்கலுக்கு முன்னால் வலதும் நின்றது. இடையில் மூன்று அப்டேட் வந்து போயின. ஹோமில் இருந்த ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தமிழ் எழுத்து அப்படியே இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, பட்டன்கள் இருக்கின்றன. அமுக்கத்தான் விரல் இல்லை.

அண்ணி ஆவணிக்கு அப்புறம் ஒரு அமாவாசை விடாமல் மலையனூர் போகிறாள். தை அமாவாசைக்குப் போய்விட்டு மறுநாள் காலையில் திரும்பி வந்தாள். நான் அண்ணனுக்குக் காவலாக அங்கே இருந்தேன். பாப்பா பள்ளிக்கூடம் போயிருந்தாள். அண்ணி நடையில் உட்கார்ந்து பையிலிருந்து குங்குமத்தையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கால் வீங்கியிருந்தது.

"அங்க போயி இன்னாதான் வேண்டிக்கிறீங்க அண்ணி?" என்றேன். நோய் குணமாக என்பாள் என்று நினைத்தேன்.

"இன்னாத்த வேண்டறது. இந்தக் கை அமுக்கிச்சே, அதுக்கு மன்னிப்பு கேக்கறேன். அவரு எம்மூஞ்சியப் பாத்து அஞ்சாறு மாசம் ஆவுது. சோறு ஊட்டும்போதுகூட செவுத்தத்தான் பாக்கறாரு." அழாமல் சொன்னாள், விலைவாசி சொல்வது மாதிரி.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு அறைகளை, அவள் போன் செய்தபோது குரல் உள்ளேயே இருந்ததை, நாலு மணி நேரத்தை.

அண்ணி எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "அப்ப நான் மொதல்ல அமுக்கனதுல போவல?"

"போவல அண்ணி. நான் போன்ல போடச் சொன்னன் பாருங்க, அதுலதான் போச்சி."

"நான் கூப்டப்பவே நீ வந்திருந்தா?"

"இருந்திருக்கும்."

"பாப்பாவுக்குப் பேசி வெச்சதும்?"

"அதுவும் இருந்திருக்கும்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பழத்தை எடுத்து முகத்தில் அடித்திருக்கலாம். பழத்தைக் குங்குமத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அவர்கிட்ட சொல்லாத தம்பி" என்றாள். "ஒருநாளைக்கு நாலு வாட்டி அவரத் தூக்கறதுக்கு உன்ன வுட்டா யார் இருக்கா? உன் மேலயும் வெறுத்துட்டாருன்னா அந்த மனுஷன் யார் கையிலதான் இருப்பாரு? எம்மேலயே இருக்கட்டும் அது. எனக்குப் பழகிடுச்சி."

நான் தலையாட்டினேன். தலையாட்டும்போதுதான் பார்த்தேன், அண்ணன் படுத்திருந்த அறைக் கதவு திறந்திருந்தது. காற்றுக்காகக் காலையில் நான்தான் திறந்து வைத்தேன். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் அவன் கட்டிலுக்கும் நடுவே ஆறேழு அடி இருக்கும். அவனுக்குப் பேச்சு போனது, கை போனது, காது மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறது.

திருப்பிப் படுக்க வைக்கவேண்டிய நேரம் ஆகியிருந்தது. எழுந்து உள்ளே போனேன். தலையணைமேல் கருவி ஆன் செய்தபடி இருந்தது, அவன் கட்டைவிரல் பட்டன்மேல் சும்மா கிடந்தது. பின்னாலேயே அண்ணி வந்து வாசற்படியில் நின்றாள். அண்ணன் அவளைப் பார்த்தான், கண்ணை எடுக்காமல் நேராகப் பார்த்தான். அவள் ஒன்றும் புரியாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். நான் குனிந்து அவன் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். அவன் முகம் என் முகத்துக்கு நேரே வந்தது. அவன் கண்ணைத் திருப்பிச் சுவரைப் பார்த்தான்.